சாப்டியான்னு கேக்கா

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்குக் காத்து ஆகாது. தொண்டை கட்டிக்கிடும். நாளைக்கழிச்சு ஒரு கோயில் கொடைத் திருவிழாவுல பேச்சு இருக்கு.

என்னைத் தெரியலை? கோமதிநாயகம். பட்டிமன்ற நடுவர் கோமதிநாயகம். போஸ்டர்ல ‘சொல்வேந்தர்’னு போட்டிருப்பான். தெரியலையா? சரி, விடுங்க. டிவியில வந்தாத்தான் இப்ப ஆளு. டிவியில வாரவன் என்ன பேசுதான்? பொண்டாட்டியைப் பத்தி நாலு ஜோக்கு, அதுக்கு ஒரு கைதட்டு. நான் பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாரு. போன வருஷம் ஓய்வு. அதோட சேத்து இருபத்திரண்டு வருஷமா மேடையில தீர்ப்பு சொல்லுதேன். ஒரு பய எந்திரிச்சு, ‘அண்ணாச்சி, நீங்க சொன்னது சரியில்லை’ன்னு சொன்னது கிடையாது.

அப்பேர்ப்பட்டவனை இன்னைக்கு ஒரு ஒத்த ரூம் வீட்டு வாசல்ல நிக்க வச்சுட்டாங்க. யாரு? நான் வளத்த மக. அவகூட என் தங்கச்சி, பிறவி ஊமை.

அந்தத் தங்கச்சியில இருந்து சொன்னாத்தான் விளங்கும். ஆவுடைன்னு பேரு. எனக்கு ஆறு வயசு இளையவ. காதும் கேக்காது, பேச்சும் கிடையாது. ஜெயசீலின்னு ஒரு டீச்சரம்மா இருக்கா, அவ முன்னால ஊமைன்னு சொல்லிரக் கூடாது, பாய்வா. ‘காது கேளாதவங்கன்னு சொல்லுங்க சார்’ம்பா. அப்படிச் சொன்னா மட்டும் கேட்டுருமாக்கும்?

எங்க அப்பா அவளைச் சின்னதுல பாளையங்கோட்டையில ஒரு பள்ளிக்கூடத்துல விட்டாரு. மூணாம் வகுப்பு வரைக்கும் இருந்தா. அம்மா தவறுனதும் கூட்டிட்டு வந்துட்டாரு. வீட்டுல பொங்கிப் போட ஆள் வேணும்லா? அங்க கத்துக்கிட்ட கை பாஷை மறந்துபோச்சு. எழுத்தும் நிக்கலை. அவளா ஒரு பாஷை உண்டாக்கிக்கிட்டா. மூக்குக்கிட்ட விரலை வச்சா மூக்குத்தி, அதாவது என் வீட்டுக்காரி பகவதி. கையை வாய்கிட்டக் கொண்டுபோய்க் காக்கா அலகு மாதிரித் திறந்து திறந்து மூடுனா அது நான். பேச்சாளன்னு அர்த்தம். வேற யாருக்கும் இந்தப் பாஷை புரியாது. அப்பாவுக்கே அரையும் குறையும்தான். உலகத்துல ஒருத்தனுக்குத்தான் முழுசாத் தெரியும். ரேஷன் கடையா, ஆஸ்பத்திரியா, அவ என்ன சொல்லணும்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. அவ எட்டு வயசுல இருந்து அவளுக்கு நாந்தான் வாய்.

கல்யாணமும் நாந்தான் பண்ணி வச்சேன். மாப்பிள்ளை குத்தாலிங்கம். அவனும் அதே ரகம். அச்சாபீஸ்ல பைண்டிங் வேலை. வீட்டுக்குப் போனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக் கையை ஆட்டிச் சிரிச்சுக்கிட்டே இருக்கும். என்னத்துக்குச் சிரிக்கேன்னு கேட்டா சொல்லாதுங்க. அவங்களுக்குள்ள புதுசு புதுசா என்னென்னமோ கை வச்சிருந்தாங்க, எனக்கே பாதி பிடிபடலை. எனக்கு அது பிடிக்கவும் இல்லை.

பொம்பளைப் பிள்ளை பிறந்த மூணாம் மாசம் அவன் சைக்கிள்ல போகையில லாரிக்காரன் பின்னால வந்து அடிச்சுட்டான். ஆரன் அடிச்சிருக்கான். இவனுக்கு எங்க கேக்க? தலைபாடா அடிச்சுக்கிட்டேன், சைக்கிள்ல ரோட்டுக்குப் போகாதேன்னு. அதையும் கேக்கலை.

தாயையும் பிள்ளையையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். யாரு கூட்டிட்டு வருவா இந்தக் காலத்துல? எனக்கும் பகவதிக்கும் பதினோரு வருஷமாப் பிள்ளை கிடையாது. வந்த அன்னைக்கே ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, பிள்ளைக்குப் பின்னால நின்னு கரண்டியால ஒரு தட்டு தட்டினேன். படக்குன்னு திரும்பிப் பாத்துச்சு. கேக்குது! பகவதி அந்தத் தட்டை வாங்கி நெஞ்சோட வச்சுக்கிட்டு அழுதா. எனக்கு அந்த நிமிஷமே தீர்மானம் ஆயிட்டு. பேசப்போற பிள்ளை. அது பேசாதவகிட்ட வளரலாமா? நீங்களே சொல்லுங்க. இல்லை, சொல்ல வேண்டாம், உங்களுக்குப் பிள்ளை இருக்கான்னு எனக்குத் தெரியாது.

ஒரு வயசு முடிஞ்சதும் தத்து எடுத்துக்கிட்டேன். முறைப்படி. பத்திரம் போட்டு, பகவதியைப் பக்கத்துல நிறுத்தி, ரெண்டு சாட்சி வச்சு, பதிவு ஆபீஸ்ல. ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் கிடையாது. அந்த ஆபீஸர் கேட்டாரு, ‘இந்த அம்மாவுக்குச் சம்மதம்தானான்னு கேட்டுச் சொல்லுங்க’ன்னு. அவ பக்கம் திரும்பிக் கேட்டேன். என்ன கேட்டேன்? ‘பிள்ளையை நான் நல்லா வச்சுக்கிடவா’ன்னு கையால கேட்டேன். அவ என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டுத் தலையை ஆட்டினா. சம்மதம்னு சொன்னேன். கைநாட்டு வச்சா. முடிஞ்சுது.

ஜெயசீலி டீச்சர் பின்னாடி இதைத்தான் குடைஞ்சா. ‘தத்துன்னு கேட்டீங்களா, நல்லா வச்சுக்கிடவான்னு கேட்டீங்களா?’ன்னு. தத்துங்கிற சொல்லுக்கு அவ பாஷையில கை கிடையாதும்மா. இல்லாத சொல்லை நான் எந்தக் கடையில போய் வாங்க? நல்லா வச்சுக்கிடறதுக்கும் தத்து எடுக்கறதுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? மொழிபெயர்ப்புன்னா சொல்லுக்குச் சொல்லா வைப்பாங்க? சாரத்தைச் சொல்லணும். நான் சாரத்தைச் சொன்னேன்.

பிள்ளைக்கு யாழ்மொழின்னு பேரு வச்சேன். எப்படி? யாழ்மொழி. அன்னையில இருந்து தொட்டில் எங்க ரூமுக்கு வந்துட்டு. ஆவுடைக்கு அடுப்படிக்குப் பக்கத்துல சாமான் ரூமை ஒழிச்சுக் குடுத்தோம். பிள்ளை பகவதியை அம்மான்னு சொல்லிப் பழகணும்லா? அப்பத்தான் ஆவுடைக்கு ஏதோ புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. தொட்டில் கிட்ட வந்து நிப்பா. தன் வயித்துல உள்ளங்கையை வைப்பா. அப்புறம் அந்தக் கையை எடுத்துப் பிள்ளை தலையில வைப்பா. என்னைப் பாப்பா. திரும்ப வயித்துல, திரும்பத் தலையில. ஒரு நாளைக்கு நூறு வாட்டி. வேற வேலை கிடையாதா இவளுக்குன்னு எரிச்சலா வரும்.

பிள்ளைக்கு ரெண்டரை வயசு. மழலையே கிடையாது, சுத்தமாப் பேசும். ஒரு நாள் கேக்கா, ‘அப்பா, அத்தை வயித்துலயும் என் தலையிலயும் கை வைக்காளே, என்ன சொல்லுதா?’

நான் என்ன சொல்லணும்? ரெண்டரை வயசுப் பிள்ளைகிட்ட என்ன சொல்ல முடியும்? ‘சாப்டியான்னு கேக்காம்மா’ன்னு சொன்னேன். ‘நீ சாப்ட்டேன்னு காட்டு’ன்னேன். பிள்ளை உடனே கையைக் குவிச்சு வாய்க்குக் கொண்டுபோயி, வயித்தைத் தட்டிக் காட்டிச்சு. அவ்வளவு அழகு. ஆவுடை பிள்ளையைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. அப்புறம் அடுப்படிக்குப் போயிட்டா.

பதினஞ்சு வருஷம் தம்பி. பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது அவ வயித்துல கை வச்சுத் தலையில வைப்பா, இவ ‘சாப்ட்டேன் அத்தை’ன்னு கையைக் காட்டிட்டு ஓடுவா. வீட்டுக்கு வாரவங்க எல்லாம், ‘அத்தைக்கும் மருமகளுக்கும் என்ன ஒரு பாசம்’பாங்க. பாசம்தானே? அதுல என்ன குறை?

ஆனா ஆவுடை நன்றி கெட்ட ஜென்மம். பிள்ளைக்கு நாலு வயசுல ஒரு நாள் அதைக் கையில பிடிச்சுக்கிட்டு, குத்தாலிங்கத்தோட கல்யாண போட்டோவையும் எடுத்துக்கிட்டு, மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கே போயிட்டா. அங்க போயி என்ன பண்ண? கையை ஆட்டியிருக்கா. அவங்களுக்கு என்ன விளங்கும்? எனக்குத்தான் ஆள் அனுப்பினாங்க. போனேன். பகவதியும் கூட வந்தா. பெஞ்சுல உக்காந்திருந்த ஆவுடை என்னைக் கண்டதும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டாங்க, ‘சார், இவங்க என்ன சொல்லுதாங்கன்னு நீங்கதான் சொல்லணும்.’

ஆவுடை மூக்கைத் தொட்டா. ரெண்டு கையாலயும் எதையோ பிடுங்கி நெஞ்சுல வச்சுக்கிடற மாதிரி காட்டினா. தன் வயித்தைத் தட்டினா. பிள்ளையைக் காட்டினா.

நான் சொன்னேன், ‘அண்ணி மூக்குத்தி போட்டிருக்கா, எனக்கு இல்லையேங்கா மேடம். சாப்பாடும் அண்ணிதான் பரிமாறுதா, எனக்குப் பத்தலைங்கா.’

‘இவ்வளவுதானா? ஒரு மூக்குத்தி வாங்கிக் குடுங்க சார். பாவம்.’

வாங்கிக் குடுத்தேன். தங்கம். கல்லு வச்சது. அதை அவ இன்னைக்கு வரைக்கும் போட்டுக்கிடலை. அரிசிப் பானைக்கு அடியில போட்டு வச்சிருந்தா. இப்படிப்பட்டவளுக்கு எவன்தான் நல்லது செய்ய முடியும்?

அப்புறம் கொஞ்ச வருஷம் சத்தமில்லை. சத்தமில்லைன்னு ஊமையைப் பத்திச் சொல்லுதேன் பாருங்க. பிள்ளைக்கு ஒம்பது வயசாகும்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முகாம் போட்டாங்க. அங்கதான் இந்த ஜெயசீலி டீச்சரைப் பாத்திருக்கா. அந்தம்மா கை பாஷை சொல்லிக் குடுக்கறவ, கண்ணாடியும் கைப்பையுமா, ஊரைத் திருத்த வந்தவ. ஆவுடை முகத்தைப் பாத்தே ஏதோ இருக்குன்னு பிடிச்சுக்கிட்டா. பிடிச்சு, குறைதீர்க்கும் நாளுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு மனுவும் குடுத்துட்டா. என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டாங்க.

நான் ரசிச்சுப் பாத்தேன் தம்பி அன்னைக்கு. டீச்சர் அவ படிச்ச கை பாஷையில அழகழகா விரலை மடக்கி நீட்டிக் கேக்கா. ஆவுடை முழிக்கா. ஆவுடை அவ பாஷையில சொல்லுதா. டீச்சர் முழிக்கா. அரை மணி நேரம் ரெண்டு பேரும் காத்துல கோலம் போட்டாங்க. கடைசியில அந்த அலுவலர் பேனாவை மூடிட்டு, ‘வேற யாருக்குங்க இவங்க சொல்லறது புரியும்?’னு கேட்டாரு. நான் எந்திரிச்சேன்.

டீச்சர் குறுக்க வந்தா. ‘சார், இவரைப் பத்தித்தான் அந்தம்மா குறை சொல்லுதாங்கன்னு நினைக்கேன். குறையை இவர் வாயாலயே கேக்க முடியுமா?’

‘நினைக்கீங்களா, தெரியுமா?’ன்னு அவர் கேட்டாரு.

‘தெரியாது சார்.’

‘உங்களுக்குப் புரியலை. எனக்குப் புரியலை. புரிஞ்சவர் இவர் ஒருத்தர். இவர் கூடாதுங்கீங்க. அப்ப நான் என்ன எழுத?’

சரியான கேள்வி. அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் மூளை இருந்துச்சு. நானும், ‘பிள்ளையை இன்னும் நல்லாப் படிக்க வைக்கணும்ங்கா சார்’னு பொதுவாச் சொல்லி வச்சேன். அவர் பாவம், அதையும் எழுதலை. ஒரு வாரத்துல கடுதாசி வந்துச்சு. ‘மனுதாரரின் கோரிக்கை இன்னதென்று அறிய இயலாததால் மனு முடித்துவைக்கப்படுகிறது.’ நல்ல தமிழ். பிழையே இல்லை. எடுத்து பீரோவுல வச்சிருக்கேன்.

இங்க பாருங்க, மானூர்ல இவ்வளவு நேரம் நிப்பாட்டுதான். ஏறுத கூட்டத்தைப் பாருங்க. ஒருத்தனுக்காவது வரிசையில ஏறத் தெரியுதா?

யாழ்மொழியை நான் பேச வச்சேன் தம்பி. ஆறு வயசுல மைக்கு முன்னால ஸ்டூல் போட்டு ஏத்தினேன். மூச்சை எங்க விடணும், எங்க நிறுத்தணும், எங்க கூட்டத்தைப் பாக்கணும், எல்லாம் நான் குடுத்தது. மாநிலப் போட்டியில ரெண்டு வாட்டி முதல் பரிசு. என் மேடையில என் அணியில உக்காந்து பேசினா. பிள்ளை வாயைத் திறந்தா அவ்வளவு பேரும் அடங்கிருவான். போன தை மாசம் வரைக்கும் அப்படித்தான்.

தை மாசம் பக்கத்து வீட்டுல ஒரு பிரசவம். பத்தாம் நாள் பிள்ளையைப் பாக்கப் போனாங்க. பகவதி போகலை, இடுப்பு வலி. யாழ்மொழியும் ஆவுடையும்தான் போனாங்க. அங்க அந்தத் தாய்க்காரி மடியில பிள்ளை கிடந்திருக்கு. ஆவுடை என்ன பண்ணியிருக்கா? அந்தத் தாய் வயித்துல கை வச்சு, அதை எடுத்துப் பிள்ளை தலையில வச்சிருக்கா. வச்சுட்டுச் சிரிச்சிருக்கா. அவ்வளவுதான் நடந்தது. அங்க இருந்த யாருக்கும் ஒண்ணும் தெரியலை.

சாயங்காலம் நான் ஈசிசேர்ல உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தேன். யாழ்மொழி வந்து முன்னால நின்னா.

‘அப்பா, பத்து நாள் பிள்ளையைப் பாத்து யாராவது சாப்டியான்னு கேப்பாங்களா?’

‘என்னம்மா?’

‘கேப்பாங்களாப்பா?’

‘உங்க அத்தைக்கு என்ன தெரியும்? கேட்டிருப்பா.’

‘பிள்ளை வயித்துல கை வைக்கலைப்பா. அந்த அக்கா வயித்துல வச்சா.’

நான் பேப்பரை மடிச்சேன். மேடையில எவ்வளவோ பேர் என்னை மடக்கப் பாத்திருக்கான். ஒரு பதில் வரும், எங்க இருந்தாவது வரும். அன்னைக்கு வந்தது இதுதான். ‘போய்ப் படி. பரிட்சை வருது’ன்னு சொன்னேன். அவ போகலை. கொஞ்ச நேரம் என் வாயையே பாத்துக்கிட்டு நின்னா. முகத்தைப் பாக்கலை, வாயைப் பாத்தா. அப்புறம் அடுப்படிக்குப் போனா.

அன்னையில இருந்து ரெண்டும் மொட்டை மாடியில உக்காந்து கையை ஆட்டுங்க. துணி காயப் போடுத சாக்குல நான் போய்ப் பாத்தேன். சின்ன வயசுல இருந்து அடுப்படியில கூடவே கிடந்தவளாச்சே, யாழ்மொழிக்கும் அந்தக் கை வந்திருக்கு. எனக்குத் தெரியாத கையெல்லாம் வந்திருக்கு. குத்தாலிங்கம் காலத்துக் கை. நான் மாடிப்படியில நிக்கேன், ரெண்டும் என்னைப் பாத்து நிறுத்திருச்சுங்க. என் வீட்டு மாடி தம்பி.

பரிட்சை முடிஞ்ச மறுவாரமே மனு. திரும்பவும் ஜெயசீலி டீச்சர், திரும்பவும் அதே ஆபீஸ், வேற ஆபீஸர். சின்னப் பையன் மாதிரி இருந்தாரு. என்னையும் பகவதியையும் கூப்பிட்டிருந்தாங்க. ஆவுடை மேஜைக்கு முன்னால நின்னு கையை ஆட்டுதா. பக்கத்துல நின்னு யாழ்மொழி சொல்லுதா. எப்படிச் சொல்லுதாங்கீங்க? ‘அத்தை இப்படிச் சொல்லுதா’ன்னு இல்லை. அவளாவே ஆயிச் சொல்லுதா.

‘நான் ஆவுடை. இவ நான் பெத்த பிள்ளை. என் புருஷன் செத்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். பிள்ளையை நல்லா வச்சுக்கிடவான்னு கேட்டாரு, சரின்னேன். குடுத்துரவான்னு கேக்கலை. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். பதினாறு வருஷமாச் சொல்லுதேன். நான் சொல்லறதை இவர் வேற என்னமோ ஆக்கிச் சொல்லுதாரு. இவ என் பிள்ளைன்னு இவகிட்டயே நான் தினமும் சொன்னேன். இவ எனக்கு, சாப்ட்டேன் சாப்ட்டேன்னு பதில் சொன்னா.’

அந்த இடத்துல கூட அவ தடுமாறலை. ஒரு மூச்சு எடுத்துட்டு அடுத்த வரிக்குப் போனா. என் பயிற்சி. உச்சரிப்புல ஒரு பிசகு கிடையாது. ழகரம் அவ்வளவு சுத்தம். ஆபீஸ்ல டீ கொண்டுவந்தவன் தட்டோட நின்னுட்டான்.

ஆபீஸர் என்னைப் பாத்தாரு. ‘சார், இந்தப் பொண்ணு சொன்னது சரியா? அந்தம்மா கை பாஷை உங்களுக்கும் தெரியும்ங்காங்க.’

நான் சொன்னேன், ‘தப்பு சார். பிள்ளைக்கு அரைகுறையாத்தான் தெரியும். டீச்சர் தூண்டிவிட்டுப் பேச வைக்காங்க. அந்த அம்மா சொன்னது, வயசாகுது, எனக்குத் தனியா ஒரு ரூம் வேணும்ங்கறதுதான்.’

ஏன் அப்படிப் பாக்கீங்க? நான் விட்டுக்குடுத்துரணுமா? பதினேழு வருஷம் நெஞ்சுல போட்டு வளத்தவன் நான்.

அந்தப் பையன் தலையைப் பிடிச்சுக்கிட்டாரு. ‘நீங்க ஒண்ணு சொல்லுதீங்க, பொண்ணு ஒண்ணு சொல்லுது. எது சரின்னு இவங்களையே கேக்கலாம்னா, கேக்கறதுக்கும் உங்க ரெண்டு பேருல ஒருத்தர் வேணும். பதிவான பத்திரம் வேற இருக்கு. இதை நான் எப்படித் தீர்க்க? சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும். அங்கயும் இதைத்தான் கேப்பாங்க.’ தீர்க்க முடியாதாம். தீர்க்கத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா நாற்காலி? எங்கிட்ட வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல தீர்ப்பு.

இதுக்குள்ள ஆவுடை என்கிட்ட வந்தா. நான் பேசப்போறேன்னு என் உதட்டைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டிருப்பா. நேரா வந்து, உள்ளங்கையால என் வாயைப் பொத்தினா. அத்தனை பேர் முன்னால. வெங்காயம் நறுக்குன வாசனை. சும்மா பொத்தலை தம்பி, அழுத்திப் பொத்தினா. என் பல்லு உதட்டுல குத்திச்சு. மத்தக் கையால தன் வயித்தைத் தொட்டா, திரும்பி யாழ்மொழி தலையைத் தொட்டா. தொட்டுட்டு ஆபீஸரைப் பாத்தா.

கிளார்க்கு என்ன எழுதினான் தெரியுமா? ‘மனுதாரர் எதிர்மனுதாரரைத் தாக்க முயன்றார்.’ எழுதட்டுமேன்னு இருந்தேன். எனக்கு நல்லதுதானே.

யாழ்மொழி அதை எட்டிப் பாத்தா. பாத்துட்டு, ‘சார், மனு வேண்டாம். திருப்பிக் குடுத்துருங்க’ன்னா.

‘ஏம்மா?’

‘இங்க எழுதறதுக்கு இடம் இல்லை சார். எனக்கு வைகாசியில பதினெட்டு முடியுது. நாங்க போயிக்கிடறோம்.’

போயிட்டாங்க. பிறந்தநாளைக்கு மறுநாள் காலையில, ரெண்டு பையோட. நான் குடுத்த பரிசுக் கோப்பை ஒண்ணுகூட எடுத்துட்டுப் போகலை. பாளையங்கோட்டையில காலேஜ் சேந்துருக்கா. டீச்சர் ஒத்த ரூம் பிடிச்சுக் குடுத்துருக்கா. ஆவுடை ஒரு ஹாஸ்டல்ல சமையலுக்குப் போறா. ஒரு வார்த்தை கேட்டாங்களா? வளத்தவனுக்கு ஒரு நியாயம் கிடையாதா? இதை எந்த ஆபீஸ்ல போய்ச் சொல்ல? ‘பெத்தவ பிள்ளையோட போயிட்டா’ன்னு மனு எழுதுனா, படிக்கறவன் சிரிப்பான். எனக்கு நடந்ததுக்கு ஒரு பேரு இருக்கா? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஒரு சொல் அகப்படலை.

பகவதி ரெண்டு மாசமாச் சரியாச் சாப்பிடலை. போய்ப் பாத்துட்டு வருவோம்னு நச்சரிச்சா. சரி, நாலு வார்த்தை நயமாச் சொன்னா பிள்ளை வந்துரும்னு இன்னைக்குக் கூட்டிட்டுப் போனேன். வாசல்ல ஆவுடை முறத்துல அவரைக்காய் வச்சு உரிச்சுக்கிட்டு இருந்தா. எங்களைப் பாத்துட்டு எந்திரிக்கலை. யாழ்மொழி கதவு நிலையில வந்து நின்னா. உள்ள வாங்கன்னு சொல்லலை.

நான் பேசினேன். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். தட்டைத் தட்டிக் காது கேக்குதான்னு பாத்ததுல இருந்து சொன்னேன். ஸ்டூல் போட்டு மைக்கு முன்னால ஏத்தினதைச் சொன்னேன். அம்மை போட்டப்ப வேப்பிலையோட பக்கத்துலயே கிடந்ததைச் சொன்னேன். எதிர்வீட்டுப் பொம்பளை சேலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுக்கிட்டா, அப்படிப் பேசினேன். இவ கதவுல சாஞ்சு கடைசி வரைக்கும் கேட்டா. கேட்டு முடிச்சுட்டு, பதில் சொல்லப்போறான்னு பாத்தா, கையைத் தூக்கினா.

கையாலதான் சொன்னா. நாக்குல தேன் மாதிரித் தமிழ் வச்சிருக்குத பிள்ளை, என்கிட்ட ஒரு சொல் பேசலை. காக்கா அலகுல ஆரம்பிச்சா. அதுக்கப்புறம் நீளமா, நிறுத்தி நிறுத்தி, எனக்கு ஒண்ணுகூட விட்டுப்போயிரக் கூடாதுன்னு ரெண்டு இடத்துல திருப்பிக்கூடச் சொன்னா. எனக்கு எல்லாம் விளங்கிச்சு. என்ன சொன்னான்னு கேக்காதீங்க. உங்களுக்கு எதுக்கு அது?

முடிச்சுட்டுக் கையைக் கீழ போட்டா. பகவதி நிக்காளேன்னு, நான் அவ பக்கம் திரும்பி, ‘பரிட்சை முடிஞ்சதும் வாரேங்கா. உடம்பைப் பாத்துக்கிடச் சொல்லுதா’ன்னேன்.

பகவதி என்னைப் பாக்கவே இல்லை. பிள்ளையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. ‘அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியும்’ன்னா.

‘உனக்கு எப்படித் தெரியும்?’

‘பதினேழு வருஷம் ஒரே அடுப்படியில நின்னுருக்கேன். எனக்குப் புரியாதா?’

‘அப்ப அந்தப் போலீஸ் ஸ்டேஷன்ல...’

‘அன்னைக்கும் புரிஞ்சுது. பதிவு ஆபீஸ்லயும் புரிஞ்சுது. பிள்ளை மேல ஆசை. வாயைத் திறக்கலை.’

சொல்லிட்டு வாசப்படியில உக்காந்தா. இடுப்பு வலிக்காரி, தரையில உக்காரவே மாட்டா. உக்காந்து, மூக்குத்தியைக் கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, ஆவுடை முன்னால இருந்த முறத்துல கையை விட்டு ஒரு அவரைக்காயை எடுத்தா. ஆவுடை அவ கையைத் தட்டி விட்டா. பகவதி திரும்ப எடுத்தா. திரும்பத் தட்டி விட்டா. மூணாவது வாட்டி எடுத்தப்ப ஆவுடை சும்மா இருந்தா. ரெண்டும் குனிஞ்சு உரிக்க ஆரம்பிச்சுட்டுங்க. நான் பக்கத்துல நின்னு, ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு, பகவதி’ங்கேன். ‘நீங்க போங்க’ன்னா. தலை நிமிரலை.

நான் வந்துட்டேன். நாளைக்கோ நாளைக்கழிச்சோ வந்துருவா. எங்க போவா? வராட்டாலும் ஒண்ணும் இல்லை. எனக்குச் சோறு பொங்கத் தெரியாதா, என்ன?

பதினேழு வருஷம்! பக்கத்துலயே படுத்து எந்திரிச்சிருக்கா, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்க வீட்டுல ஊமை ஒண்ணுன்னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

எங்க ஊரு விலக்கு ரோடு வந்துட்டு. காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க தம்பி, இறங்கணும்.